மூன்றாவது கம்பியில் மாதா பதக்கம்

ஜூலை 21

இதை எடுத்துப் படிப்பவர் யாராக இருந்தாலும் உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். அம்மாவிடம் வேண்டாம். கிளாடிஸ் அக்காவிடம் வேண்டவே வேண்டாம், அவளுக்கு இது ஏழாம் மாதம். தொபியாஸ் மாமாவிடம் மட்டும் என் உயிரே போனாலும் காட்டாதீர்கள். சிமெண்ட் மூட்டைக்குப் பின்னாலிருந்து எடுத்திருப்பீர்கள். எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

என் பெயர் பெல்சியா. பத்தாம் வகுப்பு. இது எங்கள் வீட்டுச் சிமெண்ட் அறை, படிக்குக் கீழே இருக்கிறது. கடல் காற்றின் ஈரத்துக்கு சிமெண்ட் மூட்டையிலேயே இறுகிவிடும் என்று மாமா பலகை போட்டு அடுக்கி, மேலே தார்ப்பாய் போர்த்தியிருக்கிறார். ஜன்னல் கிடையாது. முழங்கை வழியாக வியர்வை இறங்கி எழுத்து கலைகிறது. ஆனாலும் உள்பக்கம் தாழ்ப்பாள் உள்ள அறை இந்த வீட்டில் இது ஒன்றுதான்.

நேற்று கான்கிரீட் போட்டோம். வீட்டின் முன்பக்கத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுகிறோம். கீழே ஹால், மேலே மொட்டைமாடி, மாடியிலிருந்து தெருவுக்கு மேல் நீட்டிக்கொண்டு ஒரு பால்கனி. அம்மாவின் தம்பி தொபியாஸ் மாமாதான் கொத்தனார், மேஸ்திரி எல்லாம். அப்பா கப்பலில் இருக்கிறார்.

காலையில் ஜெபம் சொல்லி முடித்ததும் மாமா என்னைக் கூப்பிட்டார். "வீட்டுப் பிள்ள கையால மொத சட்டி விழணும். உங்க அக்காவ மேல ஏத்த முடியாது. நீ வாட்டி."

அம்மா ஒரு மாதா பதக்கத்தைக் கட்டுக்கம்பியில் கோத்துத் தந்திருந்தாள். எங்கள் பக்கம் அப்படித்தான், கான்கிரீட்டுக்குள் மாதாவை வைக்காமல் போடமாட்டார்கள். எங்கே கட்டவேண்டும் என்று கம்பி கட்டுகிற சேசையா அண்ணன் காட்டினார். "பால்கனியில கட்டு பாப்பா. செவுத்து மூலையில இருந்து மூணாவது கம்பி. இதுதான் மேல்கம்பி. மாதா மேல நின்னு பாத்துக்கிடுவா." கம்பிகளுக்கு அடியில் குட்டி நாற்காலிபோல வளைத்த கம்பிகளை வைத்து உயர்த்தியிருந்தார். கம்பிக்கும், கீழே மர முட்டுகள் தாங்கியிருந்த தகட்டுக்கும் நடுவில் என் கை தாராளமாக நுழைந்தது. கட்டினேன். மூன்று முறை முறுக்கினேன். அவர் வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விட்டார்.

கலவை மெஷின் வந்து சேரும்போது நல்ல வெயில் ஏறிவிட்டது. காற்று சுத்தமாக நின்றுபோன நாள். பின்பக்கம் இடம் இல்லாததால் சாரத்தைத் தெருப்பக்கம் கட்டி, பால்கனி வழியாகத்தான் சித்தாள்கள் சட்டியோடு ஏறினார்கள். நடக்கக் கம்பிமேல் பலகை போட்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் கலவை சட்டியிலேயே இறுக ஆரம்பித்தது. பலகையில் ஈரக் கலவை சிந்தி இரண்டு பேர் வழுக்கினார்கள்.

"பலகையத் தூக்கி எறிங்கட்டி, கலவ கல்லாவுது!" என்று மாமா கத்தினார். எறிந்தார்கள். அப்புறம் எல்லோரும் கம்பிமேலேயே நடந்தார்கள்.

நான் மோர் கொண்டுபோனேன். பால்கனியில் கால் வைத்ததும் கம்பி கீழே போய்விட்டு, கொஞ்சம்தான் மேலே வந்தது.

"மாமா, கம்பி அமுங்குது."

"காலையில எத்தன இட்லிட்டி தின்ன?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சாயங்காலம் பிரியாணிக்கு சேசையா அண்ணன் திரும்பி வந்தார். மாடி ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார். தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் நான் கை கழுவிக்கொண்டிருந்தேன். அவரும் மாமாவும் என்னைப் பார்க்கவில்லை.

"பலகைய எதுக்குவே எடுத்த?"

"வழுக்குச்சு."

"உள்ள இருக்க தளத்துக்கு நாலு பக்கமும் செவுரு இருக்கு. இது தொங்குற சாமான்வே. கைய நீட்டி வாளியப் பிடிச்சா தோள்ல மேலதான் இழுக்கும்? அந்த மேல்பக்கத்துல கம்பி வேணும். நீ மிதிச்சுக் கீழ தள்ளிட்ட."

"அடியில தாங்கல் வச்சிருந்தியே, அது தாங்கியிருக்கும். சத்தம் போடாத. எங்க அக்கா காதுல விழும்."

"முட்டு நிக்கிறவரைக்கும் நிக்கும். முட்ட எடுத்துட்டு ஆள ஏத்திப்பாரு."

சேசையா அண்ணன் பிரியாணியைத் தொடாமல் போய்விட்டார்.

இதை எழுதினால் மனசு கொஞ்சம் அடங்கும் என்று நினைத்தேன். அடங்கவில்லை.


ஜூலை 22

தண்ணீர் ஊற்றுவது என் வேலை. மாடியில் கலவையால் சின்னச் சின்ன வரப்பு கட்டிப் பாத்தி பிரித்திருக்கிறார் மாமா. அதில் எப்போதும் தண்ணீர் நிற்கவேண்டும். போர்வெல் தண்ணீர் உப்பு, கம்பியைத் தின்றுவிடும் என்று லாரித் தண்ணீர்தான். வாளி வாளியாகத் தூக்கவேண்டும். பள்ளிக்குப் போவதற்கு முன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை.

பால்கனிமேல் மாமா ஈரச் சாக்கு விரித்திருக்கிறார். அதை மட்டும் அவரே நனைக்கிறார்.

"சேசையா அண்ணன் ஏன் மாமா வரல?"

"அவனுக்குப் பிரியாணில பீஸ் கொறஞ்சிபோச்சாம்."

சொல்லிவிட்டுச் சுவரை விரல் மடக்கித் தட்டினார். அது அவர் பழக்கம். எந்தச் சுவரைப் பார்த்தாலும் தட்டிவிட்டுக் காது கொடுத்துக் கேட்பார். பால்கனியை அவர் தட்டி நான் இன்னும் பார்க்கவில்லை.


ஜூலை 25

தண்ணீர் ஊற்றினேன். அல்ஜீப்ரா டெஸ்ட். பால்கனி நிற்கிறது. முட்டு இருக்கிறவரை நிற்கத்தானே செய்யும்.


ஜூலை 30

கோயில் கமிட்டியிலிருந்து கஸ்பார் அண்ணாச்சி வந்தார். எங்கள் பால்கனியைத் தாங்குகிற முட்டுகள் பாதித் தெருவில் நிற்கின்றன. ஆகஸ்ட் பதினைந்து திருவிழா அன்று மாதா சப்பரம் எங்கள் தெரு வழியாகத்தான் வரும்.

"என்ன தொபியாசு, மாதாவ ஒங்க வீட்டு முட்டத் தாண்டிக் குதிச்சு வரச் சொல்லுதியா?"

"பதினாலாம் தேதிக்குள்ள எடுத்துருதேன் அண்ணாச்சி."

"இப்பவே எடுத்தா என்னவாம்?"

"தண்ணி இன்னும் குடிக்கணும். வெயிலு சரியில்ல."

"வெயிலு சரியில்லயா? மண்டையில முட்டைய ஒடச்சு ஊத்து, ஆம்லெட்டே வரும்" என்று சிரித்துக்கொண்டே போனார்.

அம்மாவுக்கு இந்த வீடே பால்கனிக்காகத்தான். ஒவ்வொரு வருடமும் நாங்கள் தெருவில் கூட்டத்துக்குள் நின்று, எக்கி எக்கிப் பூப் போடுவோம். "இந்த வருசம் மாதா மொகம் நம்ம மொகத்துக்கு நேரா வரும். எட்டிக் கையிலயே பூவ வைக்கலாம்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். அக்காவின் மாமியார் வீட்டிலிருந்து எல்லோரையும் அழைத்தாயிற்று. அக்காவுக்கு முன்வரிசையில் நாற்காலி.

"நான் உக்காந்த பெறவு ஒருத்திக்கும் மறைக்குதுன்னு சொல்லக்கூடாது. ரெண்டு பேருக்குள்ள எடம் எனக்கு வேணும்" என்றாள் அக்கா வயிற்றைத் தடவிக்கொண்டு.

நான் எழுந்து வெளியே போய்விட்டேன். எனக்கு இப்போதெல்லாம் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை.


ஆகஸ்ட் 2

பள்ளி விட்டு வரும்போது டீக்கடையில் சேசையா அண்ணனைப் பார்த்தேன். பக்கத்தில் போய் நின்றேன்.

"அண்ணே, கம்பி நெசமாவே கீழ போயிருச்சா?"

கிளாசை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீ கேட்டியா அன்னைக்கு?"

தலையாட்டினேன்.

"மேல பூசின பெறவு உள்ள எது எங்க கெடக்குன்னு யாருக்குத் தெரியும் பாப்பா? நானும் தப்பாச் சொல்லியிருக்கலாம். உங்க அம்மாட்ட சொல்லு. நான் சொன்னா கூலித் தகராறும்பாவ. நீ வீட்டுப் பிள்ள, நீ சொல்லு."

நான் சொல்லமாட்டேன். ஏன் என்று எழுதிவிடுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் மாமா எங்கள் சமையலறையைக் கட்டிக்கொண்டிருந்தார். அப்போது குடிப்பார். மணல் குவியல்மேல் தூங்கிக்கொண்டிருந்ததை அப்பாவிடம் போனில் சொன்னேன். அப்பா கேட்டார், நான் சொன்னேன், அவ்வளவுதான். "இனி அவன் என் வாசல மிதிக்கக்கூடாது" என்றார் அப்பா. மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போனார். கிளாடிஸ் அக்கா கல்யாணத்துக்குக்கூட உள்ளே வரவில்லை. கோயிலுக்கு வெளியே பூவரச மரத்தடியில் புதுச்சட்டை போட்டு நின்றார். நான் போட்டோவுக்காகச் சிரித்துக்கொண்டே அவரைப் பார்த்தேன். அம்மா அன்றைக்கு என்னிடம், "ஒன் வாய்தான். வேற ஒண்ணுமில்ல" என்றாள்.

இந்த வேலையை மாமாவுக்குக் கொடுக்கச் சொல்லி அம்மா அப்பாவிடம் ஆறு மாதம் கெஞ்சினாள். மாமா குடியை விட்டுவிட்டார். எனக்குத் தெரியும், நான் அவர் பக்கத்தில் போய் முகர்ந்து பார்ப்பேன். வியர்வையும் சிமெண்ட்டும்தான் வாசம்.

அதனால் சொல்லமாட்டேன். சேசையா அண்ணனே தப்பாக இருக்கலாம் என்று சொல்லிவிட்டார் அல்லவா.


ஆகஸ்ட் 5

ஹாலுக்குள் இருந்த முட்டுகளையும் தகடுகளையும் பிரித்தார்கள். தளம் கல்லுபோல இருக்கிறது. அம்மா அண்ணாந்து பார்த்து அழுதாள். மாமா எல்லா மூலையையும் தட்டிக் காட்டினார். பால்கனி முட்டுகளை மட்டும் தொடவில்லை. "அது கடைசியில" என்றார்.


ஆகஸ்ட் 6

கொடியேற்றம். இன்றிலிருந்து பதினாலு வரை தினமும் சாயங்காலம் நவநாள் ஜெபம். வீட்டில் எல்லோரும் கோயிலுக்குப் போய்விடுவார்கள்.

ஜெபத்தின் நடுவில், மாதா சுரூபத்தின் கழுத்தில் தொங்குகிற சங்கிலியைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் தோன்றியது. பதக்கம். மூன்றாவது கம்பி, மேல்கம்பி. நானே கட்டினேன். கம்பி எங்கே இருக்கிறதோ அங்கேதான் பதக்கமும் இருக்கும். தோண்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். மேலேயே இருந்தால் கொஞ்சம் கலவை பூசி மூடிவிடலாம், சேசையா அண்ணன் சொன்னது தப்பு, எல்லோரும் நிம்மதியாகப் பூப் போடலாம்.

மாதாவே இதைக் காட்டினாள் என்று நினைக்கிறேன். இல்லை என்றால் நான் ஜெபத்தில் கவனமில்லாமல் இருந்தேன் என்றுதான் அர்த்தம்.


ஆகஸ்ட் 7

வயிற்றுவலி என்று சொல்லி வீட்டில் இருந்துவிட்டேன். மாமாவின் பையிலிருந்து உளியும் சுத்தியலும். பால்கனிச் சாக்கை மடித்து, மூலையிலிருந்து மூன்றாவது கம்பி எங்கே வரும் என்று கையால் அளந்து, அடித்தேன். கோயில் ஒலிபெருக்கியில் பாட்டு வரும்போது அடிப்பேன், ஜெபம் வரும்போது நிறுத்துவேன். நகம் அளவுக்குத்தான் உடைந்தது. தூளை வாளியில் அள்ளி, சாக்கை மூடிவிட்டேன்.

சுத்தியல் பிடித்து உள்ளங்கை கொப்பளித்துவிட்டது, எழுத்து இப்படித்தான் வரும்.


ஆகஸ்ட் 9

தினமும் அதே வயிற்றுவலிதான். மேல்கம்பி என்றால் இதற்குள் வந்திருக்கவேண்டும். விரலின் முதல் கணு முழுதாக உள்ளே போகிறது. ஜல்லிதான் வருகிறது. உளி மொட்டையாகிவிட்டது. அடித்தால் வழுக்குகிறது.

அக்கா கேட்டாள். "என்னட்டி நகத்துல சிமெண்டு?"

"தண்ணி ஊத்துறேன்ல."

"தண்ணி ஊத்துனா நகத்துக்குள்ள போவுமா? ராத்திரியும் எந்திச்சு எந்திச்சு போற. எவனாவது லெட்டர் கிட்டர் குடுத்திருக்கானா? சொல்லிரு, நான் அம்மாட்ட சொல்லமாட்டேன். எனக்கும் பொழுது போவும்."

நான் சிரித்தேன். அவள் என் கையைப் பிடித்து வயிற்றில் வைத்தாள். உள்ளே உதைத்தது. கையை இழுத்துக்கொண்டேன். அக்காவுக்கு முகம் வாடிவிட்டது.


ஆகஸ்ட் 10

ஒரு விசித்திரம். உளி கூராக இருக்கிறது. நேற்று பைக்குள் நான் போட்டது மொட்டை. இன்று அதே உளி, கைப்பிடிப் பக்கம் அதே சிவப்புப் பெயிண்ட், முனை மட்டும் பளபளவென்று பட்டறையில் அடித்ததுபோல. மாமா எல்லா உளியையும் கொடுத்துத் தீட்டியிருப்பார். திருவிழாவுக்கு முன் கொத்தனார்கள் சாமான்களைத் தீட்டுவார்களாக இருக்கும்.

சாக்கும் நன்றாக நனைந்திருந்தது. மாமா நனைத்திருக்கிறார். நல்லவேளை, தூக்கிப் பார்க்கவில்லை.

இரண்டாவது கணு. பதக்கம் இல்லை.


ஆகஸ்ட் 12

அப்பா வந்துவிட்டார். தெருவில் இறங்கியதும் பெட்டியைக்கூட வைக்காமல் பால்கனியை அண்ணாந்து பார்த்தார். மாமா ஓரமாகத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இரண்டு வருடத்துக்குப் பிறகு இருவரும் இப்போதுதான் நேரில் பார்க்கிறார்கள்.

"மாப்ள" என்று அப்பா அவர் தோளில் கை போட்டார். "ஒன்னயத் தப்பா நெனச்சிட்டேன்யா. கப்பல்ல எல்லாருட்டயும் போட்டோ காட்டிட்டேன், என் மச்சினன் கட்டின வீடுன்னு."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல அத்தான்."

"சப்பரம் வரும்போது நீ என் பக்கத்துல நிக்கணும், கேட்டியா? அங்க, மேல."

மாமா சிரித்தார். சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். ஏன் என்னைப் பார்த்தார்? நான் அப்பாவின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். இரவு ஒரே தட்டில் மீன் எடுத்துச் சாப்பிட்டார்கள். அம்மா பரிமாறிக்கொண்டே இருந்தாள், உட்காரவே இல்லை.

இன்று புழுக்கம் தாங்கவில்லை. மூட்டைகளுக்கு நடுவில் தலை சுற்றுகிறது. இருந்தாலும் அறைக்குள் படுத்தால் அக்கா மூச்சுவிடுகிற சத்தம் கேட்கிறது, அதைவிட இங்கே தேவலை.


ஆகஸ்ட் 13

பதக்கம் கிடைத்துவிட்டது.

என் நடுவிரல் முழுவதும் குழிக்குள் போய், விரலின் அடியில் மோதிரம் போடுகிற இடம்வரை கான்கிரீட் தொட்டது. அங்கேதான் விரல் நுனியில் வட்டமாக ஒன்று பட்டது. கொக்கிபோல ஆணியை வளைத்து ஆட்டி ஆட்டி எடுத்தேன். கட்டுக்கம்பி அறுந்து வந்தது. மாதா முகம் தேயவில்லை, ஒரு பக்கம் கான்கிரீட் கட்டி ஒட்டியிருக்கிறது. அந்த முறுக்கு என் முறுக்குதான். மூன்று சுற்று.

பால்கனியின் கனம் நாலு இஞ்ச் என்று மாமா சொல்லியிருக்கிறார். இன்னும் கொஞ்சம் தோண்டியிருந்தால் அடியில் தகடே வந்திருக்கும்.

கோயிலில் மணி அடித்தது. எல்லோரும் திரும்பி வருகிற நேரம். சாக்கை மூடிவிட்டு இறங்கினேன். அப்பா கேட்டார், "வயித்துவலி எப்படிட்டி இருக்கு?" அவர் கேட்டார், நான் "சரியாயிட்டுப்பா" என்றேன். அன்று அவர் கேட்டபோது சொன்னேன் அல்லவா, இன்று சொல்லவில்லை.

நாளைக்கு முட்டு எடுக்கிறார்கள்.


ஆகஸ்ட் 14

காலையில் மாமா வரவில்லை. "சாயங்காலம் எடுத்துக்கிடலாம்" என்று ஆள் சொல்லிவிட்டிருந்தார். மதியம் ஆகியும் வரவில்லை. கஸ்பார் அண்ணாச்சி பொறுமை இழந்து, கமிட்டிப் பையன்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அப்பாவும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். ஆப்பைத் தட்டித் தட்டி முட்டுகளைச் சாய்த்தார்கள். நான் வாசலில் நின்று அவர்கள் தலைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாயைத் திறந்தேன். நிஜமாகத் திறந்தேன். சத்தம் வரவில்லை.

விழவில்லை.

"பாத்தியா, கல்லு!" என்றார் அப்பா. முட்டுகளைத் தெரு ஓரமாக அடுக்கினார்கள். அக்கா கீழே நின்று கைதட்டினாள்.

நான் மாடிக்கு ஓடினேன். சாக்கைத் தூக்கிப் பார்த்தேன். பால்கனி சுவரோடு சேருகிற இடத்தில், நான் தோண்டிய குழியிலிருந்து இரண்டு பக்கமும் நூல்போல ஒரு கோடு ஓடியிருக்கிறது. நேற்று அது இல்லை. அதன்மேல் விரலை வைத்தேன். பிறகு பயந்து கால்களைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் மாமா வந்தார். முட்டு இல்லாத தெருவைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். அப்பாவும் அண்ணாச்சியும் சிரித்தார்கள். "ஒனக்குப் பதிலா நாங்களே முடிச்சிட்டோம் மாப்ள." மாமா ஒரு கம்பை எடுத்து, கீழே நின்றபடி பால்கனியை ஒரு தடவை தட்டினார். காது கொடுத்தார். முதல் தடவையாகத் தட்டுகிறார். "ம்" என்றார். அவ்வளவுதான்.

எல்லோரும் ஜெபத்துக்குப் போனபின் மாமா டிரம்மில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். அவர் முன்னால் போய் உள்ளங்கையை விரித்தேன். பதக்கம்.

தண்ணீர் சொட்டச் சொட்டப் பார்த்தார்.

"எங்கன கெடந்துச்சு?"

நடுவிரலை நீட்டி, அதன் அடியை இன்னொரு கையால் தொட்டுக் காட்டினேன்.

மாமா டிரம்மைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார்.

"அத்தான்ட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"ஒங்க அம்மாட்ட?"

"யார்ட்டயும் சொல்லல மாமா."

கோயிலில் பாட்டு முடிந்து ஜெபம் ஆரம்பித்தது. பிறகு தலையைத் தூக்காமலே கேட்டார்.

"உளி நல்லா வெட்டுச்சாட்டி?"

நான் அவரையே பார்த்தேன். பதக்கத்தை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். அம்மா எடுத்துவைத்த சாப்பாடு மூடியபடியே இருக்கிறது. "தொபி எங்கட்டி போனான்?" என்று அம்மா மூன்று தடவை கேட்டுவிட்டாள். "நண்டு வச்சிருக்கேன், அவனுக்குப் பிடிக்குமேன்னு." எனக்குத் தெரியாது என்றேன். அந்தத் தட்டும் இப்படித்தான் கிடந்தது, இரண்டு வருடத்துக்கு முன்னால்.

நான் சொல்லவே இல்லை. இந்தத் தடவை நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. இருந்தும் போய்விட்டார். பஸ் ஏறியிருப்பாரோ? இல்லை, கடைக்குப் போயிருப்பாரோ? குடித்துவிட்டு வந்தால் நான் அவர் பக்கத்தில் போய் முகரமாட்டேன்.

எல்லோரும் தூங்கிவிட்டார்கள். பால்கனியில் ஈரச் சாக்குமேலேயே அக்காவின் நாற்காலியை அப்பா இப்போதே போட்டுவிட்டார், முன்வரிசையில். கைப்பிடிச் சுவர் இன்னும் கட்டவில்லை என்று மூங்கில் கட்டி, அதில் சீரியல் லைட் சுற்றியிருக்கிறார். நாளை சாயங்காலம் சப்பரம். விடிந்ததும் அப்பாவிடம் சொல்லிவிடுகிறேன். மாமா போய்விட்டார் என்றால் இனி எனக்கு என்ன? சொல்லிவிடுகிறேன். அப்பா, அந்தக் கம்பி என்று ஆரம்பிக்கவேண்டும். இல்லை, அப்பா, ஒரு தடவை மேலே வாங்க என்று கூப்பிடவேண்டும். இல்லை

தெருவில் ஏதோ இழுபடுகிறது. மரம் தரையில் உரசுகிற சத்தம். நாய் குரைத்து அடங்கிவிட்டது.

மறுபடியும்.

டொக். டொக். டொக். எனக்கு இந்தச் சத்தம் தெரியும். மதியம் கேட்டதுதான், ஆனால் அது ஆப்பைக் கழற்றுகிற சத்தம். இது உள்ளே இறுக்குகிற சத்தம்.

ஓரமாக அடுக்கியதை எடுத்து நிறுத்துகிறார்கள். தெருவில் முட்டு நின்றால் சப்பரம் வர முடியாது. காலையில் அண்ணாச்சி வருவார், கமிட்டி வரும், தெருவே கூடும். ஏன் என்று கேட்பார்கள். எல்லோருக்கும் முன்னால் பதில் சொல்லவேண்டும். அப்பாவுக்கு முன்னால்.

சத்தம் நின்றுவிட்டது. செருப்பு இந்தப் பக்கம்தான் வருகிறது.

கதவைத் தட்டுகிறார். விரலை மடக்கி, சுவரைத் தட்டுவதுபோல மெதுவாக.

"ஏட்டி பெல்சி. அடியில வெளிச்சம் தெரியுது. நடு முட்டு கனமா இருக்கு, ஒத்தையில நிமுத்த முடியல. வந்து ஒரு கை பிடி. பெறவு ரெண்டு பேருமாப் போயி அத்தான எழுப்புவோம்."

குரலில் குடியின் வாசம் எதுவும் இல்லை. நான் தாழ்ப்பாளை